நடுசீட்டுச் சொம்பு

அண்ணா, இந்தச் செவுத்துல சித்த கைய வெச்சுப் பாருங்க. அட, வெச்சுத்தான் பாருங்களேன். அலுங்குதுங்களா? கீழ ஜெனரேட்டரு ஓடுதுங்க. கரண்டு போயிருச்சாட்ட இருக்குது. அதோட நடுக்கம் மாடி ஏறி இந்தப் பெஞ்சு வரைக்கும் வருதுன்னா என்னங்க அர்த்தம்? அதுக்கு அடியில இருக்கற ரப்பர் போயிருச்சுன்னு அர்த்தம். ரப்பர் விசயத்துல இனி என்னை ஒருத்தரும் ஏமாத்த முடியாதுங்க.

உங்களுக்கு ஒண்ணும் தெரியலைங்களா? எனக்கு மட்டுந்தானா? செரி, இருக்கட்டும். உக்காருங்க. அந்தச் சொம்ப நகத்தி வெச்சுட்டு உக்காருங்க. சுடுதண்ணி வாங்கலாம்னு வீட்ல இருந்து எடுத்தாந்தது. வாங்கி ஆறியும் போச்சு.

உள்ள என்ற பொண்ணு இருக்கறாளுங்க. இந்துமதி. வெடியால கொண்டாந்து சேத்தோம். என்ற சம்சாரம் மரகதம் கூட இருக்கறா. என்னைத்தான் உள்ள விட மாட்டேங்கறாங்க. நர்சம்மா வந்து, "பெரியவரே, நீங்க கீழ போயி டீ குடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லுது. போயிட்டு வந்தா மறுக்காவும் அதையே சொல்லுது. எத்தனை டீதானுங்க குடிக்கறது? உங்களுக்கு மருமகளா உள்ள? நல்லதுங்க. பயமா இல்லீங்களா? இல்லீங்களா! எப்படீங்க?

நானு அந்தக் கதவு தொறக்கறப்பெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரறேனுங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் பயந்தவந்தான். மழை வந்தாலும் பயம், வராட்டியும் பயம். ஆனா பயப்படறவன் இருக்கற வீட்லதானுங்க எல்லாரும் பத்தரமா இருப்பாங்க. வர்றத முன்கூட்டியே பாத்துச் சொல்லீருவோமில்ல? மரகதம் அப்படி இல்லீங்க. அவ கல்லு. இடி விழுந்தாலும் "ஒண்ணுமில்லீங்க மாமா"ம்பா. நெஞ்சுல ஈரமே இல்லையான்னு நானே கேட்டிருக்கறேன். அதுக்கும் "ஒண்ணுமில்லீங்க"ம்பா.

இது ரெண்டாந்தடவைங்க. மொதத் தடவை நிக்கலை.

யாருகிட்டயும் சொல்றதில்லீங்க இத. நீங்க வெளியூரு, சொன்னா ஒண்ணும் தப்பில்லை. அந்தப் புள்ளையக் கொன்னது எங்க வண்டிங்க.

அப்படிப் பாக்காதீங்க. சொல்றேன், கேளுங்க.

எங்ககிட்ட ஒரு பழைய வண்டி இருக்குதுங்க. ஜீப்பாட்ட ஒசரமா, டீசலு, குடும்பமே உக்காரலாம். மஞ்ச மூட்டை ஏத்தவும் ஆச்சு, சொந்தக்காரங்க, ஒறம்பரை வீட்டுக்குப் போகவும் ஆச்சுன்னு, ஓடி ஓய்ஞ்சதையே வாங்குனேன். எங்களுக்குக் கோபிப் பக்கம். பொண்ணக் குடுத்தது தாளவாடி. நடுவுல திம்பம் மலை. பொண்ணு குடுக்கறப்பவே மலையப் பாத்துப் பயந்தேன். மாப்பிள்ளை நல்ல பையனுங்க, உருளைக்கிழங்கு காடு, முட்டக்கோசு காடு, கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. மலை ஒண்ணுதான் கொறை. "மலையவா கட்டிக்கப்போறா"ன்னு மரகதம் கேட்டுட்டா.

இந்து மொதல்ல மாசமா இருக்கறப்ப மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கூட்டியாரப் போனேனுங்க. மூணாவது மாசம். திம்பத்துல எறங்கறோம், இருபத்தேழு வளைவு. கியரு மாத்தற போதெல்லாம் முன்னால டொம்முனு ஒரு அடி. யாரோ உள்ளுக்குள்ள ஒலக்கையில இடிக்கறாப்புல. கியரு கம்பி தானா குதிக்குது. நானு சும்மா இருப்பனுங்களா? "அம்மிணி, கேட்டுச்சா? கெட்டியா புடிச்சுக்கோ"ங்கறேன். "இன்சினு கழண்டு ரோட்டுல விழுந்துருமாட்ட இருக்குது"ங்கறேன். வளைவுக்கு வளைவு ஓரங்கட்டி பானெட்டத் தூக்கிப் பாக்கறேன். பின்னால லாரிக்காரங்க ஆரன் அடிச்சே கொல்றாங்க. பிரேக் புடிக்கலைன்னா எந்தப் பக்கத்துக் கதவத் தொறந்து எப்படிக் குதிக்கோணும்னு கூடச் சொல்லிக் குடுத்தேனுங்க. தகப்பன் சொல்லாம வேற யாரு சொல்லுவாங்க? அவ வயித்து மேல கைய வெச்சுட்டு, கண்ண இறுக்கி மூடிட்டு வந்தா. பல்லக் கடிச்சிருந்தா. கண்ணாடியில பாத்துட்டேதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரங்கூட ஆகலைங்க. போயிருச்சு.

டாக்டரம்மா என்னமோ சொன்னாங்க. பயணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, கரு மொதல்ல இருந்தே சரியா வளரலைன்னு. மாப்பிள்ளையும் அதான் சொன்னாரு. இந்துவும் அதான் சொன்னா. அவங்க எல்லாம் என்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க, எனக்குத் தெரியாதுங்களா? சம்பந்தியம்மா மட்டும் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. "வண்டி ரொம்ப அலுங்குமாட்ட இருக்குதுங்க." அவ்வளவுதான். வையலை, கோவிக்கலை. அந்த ஒரு வார்த்தையக் கேட்டு நானு சோறு திங்கலைங்க. பேரு கூட வெக்காத ஒரு உசுருங்க அண்ணா. இன்சினு நடுக்கத்துல உதுந்து போச்சு.

வண்டிய மாட்டுக்கொட்டாயில நிறுத்தித் தார்ப்பாயப் போட்டு மூடிட்டேன். பாக்கவே கூடாதுன்னு. ஆனா போன ஆடியில இந்து மறுக்காவும் மாசமாயிட்டான்னு போன் வந்துச்சுங்களா, அன்னைக்குச் சாயங்காலமே தார்ப்பாயத் தூக்கிட்டேன்.

ஏன்னா, எங்க பக்கத்துல கட்டுச்சோறு விருந்துன்னு ஒண்ணு உண்டுங்க. உங்க ஊர்ல உண்டுங்களா? மாசமா இருக்கற பொண்ணோட மாமியாரு வீட்டுக்கு, பொறந்த வீட்டுக்காரங்க புளிச்சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறு, தயிருச்சோறுன்னு தூக்குப்போசி தூக்குப்போசியா ஆக்கிக் கட்டிக்கிட்டுப் போகோணும். எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுட்டு, பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டியாரோணும். அப்ப மலை எறங்கித்தானுங்க ஆகோணும்? நெறமாசமா, அந்த நடுசீட்டுல உக்காந்து? 

அங்க கதவு தொறந்துச்சுங்களா? இல்லீங்களா. செரி.

ஜோதிலிங்கம்னு ஒருத்தரு, சத்தி ரோட்டுல பட்டறை வெச்சிருக்கறாரு. சத்தமாப் பேசுவாரு, வாய்த்துடுக்கு. வண்டிய நிறுத்திக் கைப்பிரேக்கப் போட்டுட்டு, கியரப் போட்டு, கிளச்சக் கொஞ்சங் கொஞ்சமா விட்டாரு. என்னை முன்னால பானெட்டுக்குள்ள பாக்கச் சொன்னாரு. அண்ணா, இன்சினு எந்திரிக்குதுங்க! படுத்திருந்த எருமை ஒரு பக்கமா எந்திரிக்கறாப்புல எந்திரிச்சு, மறுக்கா டொம்முனு உக்காருது. நான் அப்படியே தரையில குந்திட்டேன். "மவுண்டிங் செத்துப்போச்சுங்க, இதுக்கு ஏன் நீங்க சாகறீங்க"ங்கறாரு.

அப்பறந்தான் எனக்கே தெரியும். இன்சின வண்டிச் சட்டத்து மேல நேரா வெக்கறதில்லீங்க. வெச்சா அது நடுங்கற நடுக்கத்துல ஆணி ஆணியா கழண்டு போயிரும். அதனால இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, பின்னால கியர்பாக்ஸுக்கு ஒண்ணுன்னு இரும்புத் தகட்டுக்கு நடுவுல ரப்பர் வெச்சு, அது மேல உக்கார வெச்சிருக்கறாங்க. அதுக்குப் பேருதான் மவுண்டிங். உள்ளங்கை அகலந்தான் இருக்கும். அம்புட்டு நடுக்கத்தையும் அதுவே வாங்கிக்கும், உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வண்டியில கழட்டுனத கையில குடுத்தாருங்க. எண்ணெய் குடிச்சு ஊறி, தகட்ட விட்டுப் பிஞ்சு, வாயப் பொளந்துட்டு இருக்குது. விரல விட்டா மறுபக்கம் வருது. இது மேல உக்காந்துதானே என்ற புள்ள மலை எறங்குச்சுன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவரு தலையில அடிச்சுக்கிட்டு டீ சொல்லப் போயிட்டாரு.

புதுசு வாங்க ஈரோடு போனேன். கடையில மூணு தினுசு எடுத்து வெச்சாங்க. ஒண்ணு வண்டிக் கம்பெனியோடதே. அமுக்குனா அமுங்குது, எனக்குப் புடிக்கலை. ஒண்ணு உள்ளூரு ரப்பர், நகத்துல கீறுனா மாவாட்ட உதுருது. மூணாவது ஒண்ணு, கருகருன்னு, கல்லாட்ட. "இது லோடு ஏத்தற வண்டிக்குப் போடறதுங்க"ன்னாங்க. "அசையுமா?"ன்னேன். "அசையவே அசையாது"ன்னாங்க. "அதையே குடுங்க"ன்னுட்டேன். பின்ன? நெறமாசப் பொண்ணு உக்காரப்போறா, அசையறத வாங்குவாங்களா யாராச்சும்?

ஜோதிலிங்கம் அதக் கையில வாங்கிப் பாத்துட்டு, "ஏனுங்க, இன்சினு ஆடோணுங்க. அது ஆடுனாத்தான் உள்ள இருக்கறவங்க ஆடாம இருப்பாங்க. அத இறுக்கிப் புடிச்சீங்கன்னா அம்புட்டும் சீட்டுக்குத்தான் வரும்"னாரு. அவரு வேலைய மிச்சம் புடிக்கச் சொல்றாருன்னு நெனச்சேன். "போடுங்க"ன்னேன். போட்டாரு.

சாவியத் திருப்புனேன். டொம்மு போயிருச்சுங்க. ஆனா தாடை கிடுகிடுங்குது. ஸ்டீரிங்குல வெச்ச கை மரத்துப் போகுது. கண்ணாடியில பாத்தா பின்னால வர்ற ஒரு பஸ்ஸு ரெண்டாத் தெரியுது. மரகதத்த நடுசீட்டுல உக்கார வெச்சிருந்தேன். அவ கைய மடியில வெச்சுட்டு சும்மாதான் உக்காந்திருந்தா. வண்டியும் நின்ன எடத்துலதான் நிக்குது. அவ கண்ணாடி வளவி மட்டும் தானாக் கிலுகிலுங்குதுங்க.  வயித்துப் புள்ளை இதக் கேட்டா என்னாகும்?

திரும்பப் பட்டறைக்குப் போனா, என்ற வண்டி சத்தங் கேட்டதுமே ஜோதிலிங்கம் ஒரு லாரிக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டாருங்க. காலு ரெண்டும் வெளிய தெரியுது. அந்தக் காலுகிட்டயே பேசுனேன். செரின்னு எந்திரிச்சு வந்து, அந்தக் கம்பெனி மவுண்டிங்கையே வாங்கியாரச் சொல்லிப் போட்டாரு. அதுலயும் நானு கியர்பாக்ஸத் தொடவேண்டாம்னுட்டேன், அதுல எதையாச்சும் கழட்டி மாட்டாம விட்டுட்டா மலையில என்ன பண்றது? முன்னால ரெண்டு மட்டும் புதுசு, பின்னால பழசு. மறுக்காவும் டொம்மு லேசா வந்துச்சு. அவருக்குக் கோவம் வந்துருச்சு. "மூணையும் ஒண்ணா மாத்தோணுங்க. ஒண்ணு செத்ததுன்னா மத்த ரெண்டுந்தான் அதோட பாரத்தையும் சேத்துச் சொமக்கும். வாய் இருந்தா அழுகும். அதுக்கு வாயும் இல்லை"ன்னாரு. செரின்னு அதையும் மாத்துனோம்.

மாத்தியாச்சு. ஆனா எனக்கு எப்படீங்க தெரியும், அலுங்குதா அலுங்கலையான்னு? நான் முன்னால உக்காந்து ஓட்டறவன். பொண்ணு உக்காரப்போறது நடுவுல. மெக்கானிக்குச் சொல்றத நம்பி உசுர ஏத்த முடியுங்களா?

அப்பத்தான் எனக்கு இந்த ரோசனை வந்துச்சுங்க. இந்தாங்க, இந்தச் சொம்புதான். இதுல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, மரகதத்து மடியில வெச்சு, நடுசீட்டுல உக்கார வெச்சேன். ஒரு சொட்டு சிந்துனாலும் வண்டி ஆகாது, மறுக்கா பட்டறைதான்னு சொல்லீட்டேன். தடப்பள்ளி வாய்க்காக் கரைமேல ஓட்டுனேன். வேகத்தடையில ஏத்தி எறக்குனேன். தண்ணியில்லாத பள்ளத்துல விட்டுக் கடந்தேன். ஒவ்வொண்ணும் தாண்டி நிறுத்தித் திரும்பிப் பாப்பேன். "சிந்துச்சா புள்ள?" "இல்லீங்க மாமா." எட்டிப் பாத்தா, சொம்பு விளிம்பு வரைக்கும் அப்படியே நிக்குதுங்க! ஊத்துனது ஊத்துனாப்புல. மார்கழி மாசம் முழுக்க வெடியால வெடியால இதேதான். ஒரு நாளுங்கூட ஒரு சொட்டுக் கொறையலைங்க. ரப்பருன்னா அதுங்க ரப்பர்!

அவ சீலைதான் தொப்பலா நனஞ்சு போயிருக்கும். கேட்டா "வேர்த்துருச்சுங்க"ம்பா. மார்கழிக் குளுருல வேர்க்குதுங்க அவளுக்கு. ஒடம்பு வாகு அப்படி. தண்ணி தாகம் வேற ஜாஸ்தி, எங்க போனாலும் பெரிய பாட்டில் ஒண்ணு தண்ணியோடதான் வண்டியே ஏறுவா. வீடு வந்து சேந்தா பாட்டில் காலியாயிருக்கும். மணிக்கட்டு வலிக்குதுன்னு தைலம் தேச்சுக்குவா. சொம்பு என்ன கனமா கனக்குது? வயசாகுதில்லீங்களா.

தை மாசம் கட்டுச்சோறு. ஒறம்பரை எல்லாம் வேன்ல, நாங்க ரெண்டு பேரும் எங்க வண்டியில, பின்னால சோத்துப் போசி எல்லாம். மலையடிவாரத்துல பண்ணாரியில எறங்கி அம்மன் புத்து மண்ண வாங்கி நெத்தியில வெச்சு, ஸ்டீரிங்குக்கும் வெச்சு, பானெட்டத் தொறந்து மூணு மவுண்டிங்குக்கும் வெச்சேன். மலை ஏறுனோம். டொம்மு இல்லை, கிலுகிலு இல்லை. விருந்தும் நல்லா நடந்துச்சு. சம்பந்தியம்மா புளிச்சோற மறுக்கா வாங்கிச் சாப்பிட்டாங்க. நானு அவங்கள வாசலுக்குக் கூட்டியாந்து, பானெட்டத் தொறந்து காட்டி, "இனி அலுங்காதுங்க"ன்னேன். அவங்க பாவம், ஒண்ணும் புரியாம "நல்லதுங்க"ன்னாங்க. போன தடவை தான் சொன்ன வார்த்தையே அவங்களுக்கு ஞாபகம் இல்லையாட்ட இருக்குது.

வேன் முன்னாலயே கெளம்பீருச்சு. இந்து பைய எடுத்துட்டு வாசலுக்கு வந்தா. வண்டியப் பாத்தா. என்னையப் பாத்தா. "அப்பா, நானு பஸ்ல வர்றனுங்கப்பா"ன்னா.

 பஸ்ஸா? மலையில ஓடற பஸ்ஸா? அந்தத் தகரம் கடகடன்னு ஆடறது கீழ பண்ணாரிக்கே கேக்கும். "அம்மிணி, நீ ஏறிப் பாரு, உக்காந்து மட்டும் பாரு, சொம்பு வெச்சுக் காட்டறேன்"னு கெஞ்சுனேன். மாப்பிள்ளை பக்கத்துல ஒரு காரு சொல்லி அனுப்பறேன்னாரு. அதுக்கும் வேண்டாம்னுட்டா. காருன்னா நானும் கூட ஏறிக்கிட்டு தெகிரியம் சொல்லிட்டு வந்திருப்பேன், எங்க வண்டிய அப்பறம் வந்து எடுத்துக்கலாம். பஸ்ஸுன்னா நாலு பேரு மத்தியில என்னத்தப் பேச முடியும், நானு வண்டிய எடுத்துட்டுப் பின்னால வர்றதுதான். அவ என்ன கணக்குல அப்படிச் சொன்னாளோ! மரகதமாச்சும் எடுத்துச் சொல்லுவான்னு பாத்தா, "நானும் அவகூடயே பஸ்ல வர்றேன், நீங்க மெதுவா வாங்க மாமா"ன்னுட்டு ஏறிட்டா.

அண்ணா, நானு படாத பாடு அன்னைக்குப் பட்டேன். முன்னால பஸ்ஸு. அதோட பின்கண்ணாடியில என்ற பொண்ணு தலை. வளைவுக்கு வளைவு அந்தத் தலை இங்கிட்டு ஆடுது, அங்கிட்டு ஆடுது. "ஐயோ, அம்மிணி, புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ"ன்னு நானு வண்டிக்குள்ள ஒத்தையாக் கத்திட்டே வர்றேன். யாருக்குக் கேக்கும்? காலிப் போசிதான் பின்னால உருளுது. ஒரு வளைவுல அந்தத் தலை கண்ணாடியில இருந்து காணாமப் போச்சுங்க.  சீட்டுலயிருந்து விழுந்துட்டாளா, மயங்கிட்டாளா? ஆரன் அடிக்கறேன், பஸ் டிரைவரு கைய வெளிய நீட்டி என்னை முந்திப் போகச் சொல்றாரு. நான் எங்கீங்க முந்தறது?

இந்து மடியில வெச்சுக் காட்டலாம்னு நடுசீட்டுல சொம்புத் தண்ணி வேற வெச்சிருந்தேனுங்க. அது மொத வளைவுலயே பூராக் கொட்டிப் போச்சு. ஆள் பாரம் இல்லைங்கல்ல, அதனாலதான். மரகதம் உக்காந்திருந்தா ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

பண்ணாரியில பஸ் நின்னுச்சு. ஓடிப்போயி ஏறிப் பாத்தேன். மரகதத்து தோள்ல சாஞ்சு தூங்கறாளுங்க! வாயத் தொறந்துட்டு, சின்னப் புள்ளையில தூங்குவாளே, அதாட்ட. நானு உலுக்கி எழுப்புனேன். "அம்மிணி, அலுங்குச்சா? வலிக்குதா? எங்க வலிக்குது?" கண்ணத் தொறந்து என்னையப் பாத்தா. என்ன சொன்னா தெரியுங்களா? "இல்லீங்கப்பா. பஸ்ல ஒருத்தருக்கும் பயமில்லை. அதான் தூங்கிட்டேன்."

இது என்ன பேச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலைங்க. பஸ்ல வர்றவங்களுக்குப் பயமில்லாம போறதுக்கும், என்ற மவுண்டிங்குக்கும் என்னங்க சம்பந்தம்? உங்களுக்கு ஏதாச்சும் வெளங்குதுங்களா? ஏனுங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க?

அப்பறம் ரெண்டு மாசமா அந்த வண்டியில அவ ஏறவே இல்லை. இன்னைக்கு வெடியால வலி வந்ததுக்குக் கூட, "நீங்க முன்னால போயி ஆசுபத்திரியில சொல்லி வையுங்க"ன்னு மரகதம் என்னை மட்டும் வண்டியில அனுப்பி வெச்சுட்டு, பக்கத்து வீட்டு ஆட்டோவுல கூட்டியாந்துட்டா. நானும் முன்னால வந்து எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். நர்சம்மாகிட்ட, வாட்ச்மேன்கிட்ட, டாக்டரம்மாகிட்ட. போன தடவை ஆனது, இந்தத் தடவை என்னென்ன ஆகலாங்கறது, எல்லாத்தையும். அதுக்கப்பறந்தான் என்னை உள்ள விடவேண்டாம்னு அவங்களாவே...

இருங்கண்ணா. கதவு. கதவு தொறக்குது.

மரகதம். மரகதந்தான் வர்றா. என்ன புள்ள? ஏன் இப்படி வர்ற?  இந்து எங்க? சொல்லு புள்ள!

பொம்பளப் புள்ளையா? அழுதுச்சா? நல்லா அழுதுச்சா? இந்து? பேசறாளா?

அண்ணா, பொம்பளப் புள்ளைங்களாமா. ரெண்டு பேரும் சொகமா இருக்கறாங்களாமா. ஆத்தா, பண்ணாரி ஆத்தா. அப்பாகிட்டப் போயிச் சொல்லுங்கம்மான்னு இந்து பேசுனாளாமா. பேசறாளாமுங்க அண்ணா!

உக்காரு புள்ள. இங்க வந்து உக்காரு. அண்ணா, சித்த நகந்துக்கங்க. என்ன, தண்ணியா? இந்தா, சொம்புலயே இருக்குது, ஆறிப்போன தண்ணிதான், குடி.

ஏம்புள்ள, கை ஏன் இப்படி? அண்ணா, இவ கையப் பாருங்க. சொம்பு நிக்க மாட்டேங்குது. சீலையெல்லாம் கொட்டிட்டா. பள்ளத்துலயும் மேட்டுலயும் ஒரு சொட்டுச் சிந்தாம புடிச்சவ நீயி, இப்ப என்ன?

என்ன சொன்ன?

கேட்டீங்களா அண்ணா, என்ன சொல்றான்னு? அன்னைக்கும் சிந்துச்சாமா. பள்ளத்துக்குப் பள்ளம் சிந்துச்சாமா. நானு முன்னால பாத்து ஓட்டறப்ப, பாட்டில் தண்ணிய ஊத்தி ஊத்தி சொம்ப நெரப்பி வெச்சாளாமா.

ஏம்புள்ள சொல்லலை? ஒரு வார்த்தை சொல்றதுதானே?

"சொன்னா நீங்க பயப்படுவீங்க"ங்கறா.

அப்ப உனக்கு? உனக்கு ஒண்ணுமே இல்லையா? நீயி எதுக்குமே அசையாதவதானே?

சிரிக்கறாளுங்க. சிரிக்கறாளா, அழுகறாளா? மரகதம்? போன தடவைக்கு அப்பறம் இவ ஒரு நாளும் முழுசாத் தூங்குனதில்லையாமா. என்ற பக்கத்துலதானுங்க படுத்திருந்தா. நானு, "எப்படிப் புள்ள உனக்கு மட்டும் தூக்கம் வருது"ன்னு கேப்பேன். கண்ண மூடிட்டு அப்படியே கெடப்பா.

குடு. சொம்பக் குடு புள்ள. நீ புடிக்காத, நானு புடிச்சுக்கறேன். நீ வாய மட்டும் தொற. மெதுவா. மெதுவாக் குடி. அழுகோணும்னா அழுதுட்டே குடி. நானு எங்கயும் போகலை, பேசவும் இல்லை. ஒண்ணுமில்லை புள்ள. ஒண்ணுமே இல்லை.

அண்ணா, செவுரு இன்னமும் அலுங்குதுங்க. இவகிட்டச் சொல்லீறாதீங்க.